அம்பாசிடர் கார்: மோதல் பாதுகாப்பின் வரலாறு

அம்பாசிடர், மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் 2014 வரை தயாரித்த கார். கொல்கத்தாவில் மஞ்சள் டாக்சியாகவும், நாடெங்கும் அமைச்சர்கள், அதிகாரிகளின் வெள்ளைக் காராகவும் மூன்று தலைமுறைகளுக்கு அறிமுகமானது. "அந்தக் காலத்து வண்டி இரும்பு, இந்தக் காலத்து வண்டி தகரம்" என்று பேசுவோர் முதலில் சுட்டிக்காட்டுவதும் இந்த வண்டியைத்தான். மோதலில் மனித உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்த பொறியியல் இதற்கு நேர்மாறான முடிவுக்கே வந்திருக்கிறது.

தோற்றம்

இந்துஸ்தான் மோட்டார்ஸை பி. எம். பிர்லா 1942இல் தொடங்கினார். குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் இயங்கிய தொழிற்சாலை 1948இல் உத்தரபாராவுக்கு மாறியது. அதையொட்டி எழுந்த ரயில் நிலையத்துக்கு இந்த்மோட்டார் என்றே பெயர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசைக் காரை அடியொற்றி லேண்ட்மாஸ்டர் வந்தது; மூன்றாம் வரிசையை அடியொற்றி அம்பாசிடர் பிறந்தது. அந்த மூன்றாம் வரிசை 1956இல் பிரிட்டனில் அறிமுகமாகி, சில ஆண்டுகளிலேயே அங்கு நிறுத்தப்பட்டது. உத்தரபாராவில் அதன் கூடு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா, கிராண்ட், என்கோர் என்று பெயர்கள் மாறின; முன்புறக் கிரில், விளக்கு, டேஷ்போர்டு மாறின; 1990களில் இசுஸு 1800 சிசி இன்ஜினும் ஐந்து கியர்களும் வந்தன. மோதலைத் தாங்க வேண்டிய அடிப்படைக் கூடு மட்டும் 1950களின் கணக்கிலேயே நின்றது.

உள்ளமைப்பு

அம்பாசிடர் லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் ஏற்றப்பட்ட வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மோனோகாக் எனப்படும் ஒற்றைக்கூடு வண்டி. பெட்ரோல் வண்டியின் எடை ஏறத்தாழ 1,150 கிலோ. இன்றைய சிறிய எஸ்யூவி பலவும் அதைவிடக் கனமானவை. தகடு தடித்திருந்ததும், பம்பர் கெட்டியாக இருந்ததும் உண்மை. ஆனால் முன்பகுதி எந்த இடத்தில், எந்த வரிசையில் மடங்க வேண்டும் என்ற கணக்கு அந்தக் கூட்டில் இல்லை.

பழைய டாக்சி ஒன்றின் முன் இருக்கையில் அமர்ந்து பார்த்தால் இது விளங்கும். இரு பக்கமும் நீளும் ஒரே பெஞ்சு இருக்கை. தலையைத் தாங்கும் மேற்பகுதி கிடையாது. முழங்காலுக்கு எதிரே இரும்பு டேஷ்போர்டு. ஓட்டுநரின் மார்புக்கு நேரே மெல்லிய வளையமுள்ள பெரிய ஸ்டியரிங். அதன் பின்னால் வண்டியின் முன்பகுதிவரை செல்லும் வளையாத தண்டு. முன்பகுதி பின்னோக்கித் தள்ளப்பட்டால் அந்தத் தண்டு ஓட்டுநரை நோக்கியே வரும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சீட் பெல்ட் இல்லாத வண்டியில் இத்தனையும் சேர்ந்துதான் பயணியின் உடலை எதிர்கொண்டன.

மோதலின் கணக்கு

மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி சுவரில் மோதி, முன்பகுதி 60 சென்டிமீட்டர் மடங்கி நின்றால், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சராசரியாக 20 மடங்கு வேகத்தணிவு ஏற்படும். அதே வண்டி 20 சென்டிமீட்டருக்குள் நின்றால் அது 60 மடங்கைத் தாண்டும். பெல்ட் அணிந்த பயணி வண்டியோடு சேர்ந்தே நிற்பதால், முன்பகுதி மடங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அவர் மேல் விழும் விசையைக் குறைக்கிறது. பெல்ட் அணியாதவருக்கு இந்தப் பயன் கிடைக்காது. வண்டி நின்ற பிறகும் அவர் பழைய வேகத்திலேயே போய் ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ மோதுகிறார்.

எனவே முன்பகுதி மடங்க வேண்டும். பயணிகள் அமரும் அறை மடங்கக் கூடாது. மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பெலா பாரெனி இந்தக் கருத்துக்கு 1952இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். 1959இல் அந்நிறுவனத்தின் கார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வால்வோ, நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டைத் தன் கார்களில் பொருத்தியது. அமெரிக்காவில் கார்களின் பாதுகாப்பின்மையைச் சாடி ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல் எழுப்பிய அதிர்வு, அடுத்த ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டமாக வடிவெடுத்தது. அதன் தொடர்ச்சியாக, மோதலில் உள்ளொடுங்கும் ஸ்டியரிங் தண்டு வழக்கத்துக்கு வந்தது. அம்பாசிடரின் கூடு இந்த அறிவு பரவுவதற்குச் சற்று முன் வரையப்பட்டது.

நேருக்கு நேர்: 2009 சோதனை

பழைய காரையும் புதிய காரையும் உண்மையாகவே மோதவிட்ட புகழ்பெற்ற சோதனை 2009இல் அமெரிக்காவில் நடந்தது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பகுதியின் ஒரு பாதி மோதும்படி செலுத்தியது. பெல் ஏரின் பயணி அறை நொறுங்கியது, கதவு திறந்துகொண்டது, ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் பொம்மை ஓட்டுநரை நெருக்கின. மனிதர் அமர்ந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. மாலிபுவின் முன்பகுதி சிதைந்தாலும் பயணி அறை குலையவில்லை. ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் மட்டுமே ஏற்பட்டிருக்கும் என்று அளவீடுகள் காட்டின. பெல் ஏர், அம்பாசிடரின் சமகாலத்து வண்டி.

இந்திய விதிகள்

இந்தியாவில் இந்த மாற்றம் மிகத் தாமதமாக வந்தது. முன் இருக்கை சீட் பெல்ட் 1994இல் கட்டாயமானது. மணிக்கு 56 கிலோமீட்டர் முன்மோதல், 50 கிலோமீட்டர் பக்கமோதல் சோதனைகள் புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலும் கட்டாயமாயின. ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. சென்னை அருகே ஒரகடத்திலுள்ள உலக வாகன ஆராய்ச்சி மையத்திலும் மோதல் சோதனைக் கூடம் இயங்குகிறது.

புதிய வண்டி என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது. கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட முதல் இந்தியச் சோதனை முடிவுகளில் மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ ஐந்தின் அடிப்படை மாடல்களும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. அதே ஆண்டு மே மாதத்தில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. டாடா நெக்ஸான் 2018இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இந்தியாவின் சொந்த மதிப்பீட்டுத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இன்று வாங்குபவர் நட்சத்திரத்தைப் பார்த்து வண்டி தேர்ந்தெடுக்கலாம். அம்பாசிடர் வாங்கியவர்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை.

கொல்கத்தா சாலைகளில்

கொல்கத்தாவின் டாக்சி சங்கம் 1962இல் அம்பாசிடரைத் தன் வண்டியாக ஏற்றது. டிராம், பேருந்து, கைரிக்ஷா, பாதசாரிகள் நெருங்கும் தெருக்களில் வேகம் குறைவு, உரசல்கள் அதிகம். அந்த உரசல்களில் அம்பாசிடருக்குக் கீறல் மட்டும் விழும், 1983க்குப் பின் வந்த மாருதி 800 நசுங்கும். நசுங்கியது எந்த வண்டி என்று பார்த்தே மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். உள்ளே இருந்தவர் மேல் விழுந்த விசை கண்ணுக்குத் தெரியவில்லை. குறைந்த வேகம் தந்த பாதுகாப்பு தகட்டின் பெருமையாகக் கணக்கானது. மேம்பாலங்களிலும் விரைவுச் சாலைகளிலும் அந்தத் துணை கிடைக்காது.

பதினைந்து ஆண்டு கடந்த வணிக வண்டிகளை கொல்கத்தா பெருநகரப் பகுதியிலிருந்து விலக்க கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008இல் ஆணையிட்டது. காரணம் காற்று மாசு; மோதல் பாதுகாப்பு அந்த வழக்கில் பேசுபொருள் ஆகவில்லை. ஐம்பது ஆண்டு கடந்த சொந்த வண்டிகளை 2021 விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்யலாம். அவற்றை அணிவகுப்பு, கண்காட்சி போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

மதிப்பீடு

பழுதுபார்க்க எளிமை, பள்ளம் மேடு பொருட்படுத்தாத சஸ்பென்ஷன், ஒரு குடும்பமே அமரும் பின் இருக்கை ஆகியவற்றால் அம்பாசிடர் பெற்ற அன்பு நியாயமானது. பாதுகாப்பான வண்டி என்ற பெயர் மட்டும் அதற்குப் பொருந்தாது. அதே சமயம், ஐந்து நட்சத்திர வண்டியும் பெல்ட் அணியாதவரைக் காப்பாற்றாது. 2022இல் சீட் பெல்ட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பயணிகள். பழைய வண்டியை ஆசையோடு வைத்திருப்பவர் அதைப் பேணட்டும், மெதுவாக ஓட்டட்டும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் செல்ல சோதனையில் தேறிய வண்டியே தகுந்தது. அதிலும் பின் இருக்கைவரை எல்லோரும் பெல்ட் அணிந்தே ஆக வேண்டும்.