நகரிடை வாழ்க்கைச் செலவு ஒப்பீடு

ஒரு குடும்பம் தான் இப்போது வாழும் வசதி குறையாமல் வேறோர் ஊரில் வாழ எவ்வளவு பணம் தேவைப்படும் என்று கணக்கிடுவதே நகரிடை வாழ்க்கைச் செலவு ஒப்பீடு. வேலை மாறும்போது சம்பளம் பேசவே இது பெரும்பாலும் பயன்படுகிறது.

இதற்கு விலைவாசிக் குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்வது பலர் செய்யும் பிழை. தொழில்துறைத் தொழிலாளருக்கான இந்தியக் குறியீட்டெண் 88 மையங்களுக்கு மாதந்தோறும் வெளியாகிறது. அதில் 2016ஆம் ஆண்டின் விலை எல்லா ஊருக்கும் 100. இன்று ஓர் ஊர் 140, இன்னோர் ஊர் 135 என்றால் முதல் ஊரில் விலை வேகமாக ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். அங்கே எல்லாம் விலை அதிகம் என்று பொருளல்ல. ஊரோடு ஊரை ஒப்பிடும் பன்னாட்டுப் பட்டியல்களும் உண்டு. எகனாமிஸ்ட் இன்டலிஜன்ஸ் யூனிட் நியூயார்க்கை 100 எனக் கொள்கிறது. ஆனால் அது அயல்நாட்டுப் பணிக்குப் போகும் அதிகாரியை மனத்தில் வைத்த கணக்கு. நம் மளிகைச் சீட்டுக்கு ஒத்துவராது.

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்வதை எடுத்துக்கொள்வோம். அரிசி பருப்பில் பெரிய வித்தியாசம் இராது. கணக்கைப் புரட்டிப்போடுவது வீடு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூரில் நெடுநாள் வழக்கம். 25,000 ரூபாய் வாடகைக்கு இரண்டரை லட்சம் முடங்கும். 6 சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 1,250 ரூபாய் கண்ணுக்குத் தெரியாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. போதாக்குறைக்கு, சென்னை வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருமுன்பே பெங்களூரில் கட்டியாக வேண்டும்.

அரசுச் சலுகைகளும் ஊருக்கு ஊர் வேறு. தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டம் மாதம் 200 யூனிட் வரை என்றாலும், பொதுவாக முந்தைய சராசரிப் பயன்பாட்டுக்கு மேல் 10 சதவீதம் வரைதான் சலுகை. அங்கே 2023 ஜூனில் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பேருந்துத் திட்டம் கர்நாடகவாசிகளுக்கு மட்டும். கையிலுள்ள அடையாள அட்டையில் சென்னை முகவரி இருக்கும்வரை டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் ஏசி செலவு பெருமளவு மிச்சமாகும். ஆனால் காவிரிக் குழாய் எட்டாத புறநகர்களில் அந்த மிச்சத்தைத் தண்ணீர் லாரி வாங்கிக்கொள்ளும். 2024 கோடையில் அதுதான் நடந்தது.

கடைசியாக வண்டி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்தை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இதற்குச் சொந்த மாநிலத்துத் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) புதிய மாநிலத்து வரியும் தேவை. பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மிச்சத்தைத் தனியே விண்ணப்பித்துத்தான் கேட்க வேண்டும். பணம் வந்து சேரும்வரை அதை வரவுப் பக்கம் எழுதாமலிருப்பது நல்லது.