சிவ ஜயந்தி: புனேயில் ஒரு பொது விழா வளர்ந்த வரலாறு

மராட்டிய அரசை நிறுவிய சத்ரபதி சிவாஜியின் பிறந்தநாள் விழாவே சிவ ஜயந்தி. அவர் பிறந்த சிவநேரிக் கோட்டை புனே மாவட்டத்தில், ஜுன்னர் நகரை ஒட்டிய மலைமேல் இருக்கிறது. சிறுவயதில் அவர் வாழ்ந்த லால் மஹால் புனே நகரின் நடுவிலேயே இருந்தது. இன்று மகாராஷ்டிரத்தில் இது அரசு விடுமுறை நாள். ஆனால் இந்த விழாவைத் தொடங்கியது அரசு அன்று. அந்நிய ஆட்சிக் காலத்தில், புனே மக்கள் கூட்டம் கூடி, நிதி திரட்டி, தங்களுக்குள் வாதாடி உண்டாக்கிய விழா இது.

சிவாஜி 1674 ஜூன் 6 அன்று ராய்கட் கோட்டையில் முடிசூடினார். 1680இல் அங்கேயே மறைந்தார். 1818இல் ஆங்கிலேயர் பீரங்கி கொண்டு அக்கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியபோது அரண்மனை எரிந்தது. அதன்பின் கவனிப்பாரற்றுப் போன கோட்டையில் மன்னரின் சமாதியைப் புதர் மூடியது. அவர் நினைவை மீட்ட முதல் முயற்சிகளில் ஒன்று புனேயின் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயுடையது. 1869இல் அவர் சிவாஜியைப் பற்றி ஒரு பவாடா, அதாவது வீரக் கதைப்பாடல், வெளியிட்டார். அதில் சிவாஜி உழவர் குலத்தின் பெருமையாக நிற்கிறார். 1883இல் ஜேம்ஸ் டக்ளஸ் என்ற ஆங்கிலேயர், பம்பாயைப் பற்றிய தம் நூலில் சமாதியின் அவல நிலையை எடுத்துச் சொன்னார். சீர்திருத்தவாதி மகாதேவ கோவிந்த ரானடே போன்ற தலைவர்கள் அதைச் செப்பனிடக் கோரினர். பம்பாய் அரசு ஒதுக்கிய தொகை ஆண்டுக்கு 5 ரூபாய்.

அந்த 5 ரூபாய் பலரைப் புண்படுத்தியது. பால கங்காதர திலகர் தம் ‘கேசரி’ இதழில் இதைப் பொதுப் பிரச்சினையாக்கினார். 1895 மே 30 அன்று புனே ஹிராபாகில் கூடிய பெருங்கூட்டம் சமாதியைப் புதுப்பிக்கவும் ஆண்டுதோறும் விழா எடுக்கவும் முடிவு செய்தது. குறுநில மன்னர்கள் முதல் எளிய மக்கள் வரை நிதிக்குக் கொடுத்தனர். 1893 முதல் புனேயில் பிள்ளையார் விழா வீட்டை விட்டு வீதிக்கு வந்திருந்தது. அதே வழியில் 1896 ஏப்ரலில் ராய்கட்டில் முதல் சிவாஜி விழா நடந்தது.

மறு ஆண்டு புனேயைக் கொள்ளைநோய் தாக்கியது. அதனால் பிறந்தநாள் விழா தள்ளிப்போய், ஜூன் மாதம் முடிசூட்டு விழாவின் ஆண்டு நிறைவோடு கொண்டாடப்பட்டது. சிவாஜி பிஜாப்பூர்த் தளபதி அஃப்சல்கானைக் கொன்றது நியாயமா என்பது பற்றிய பேச்சும் அவ்விழாவில் இடம்பெற்றது. பத்து நாள் கழித்து, ஜூன் 22 இரவு, கொள்ளைநோய்த் தடுப்பு அதிகாரி ராண்டும் லெப்டினன்ட் அயர்ஸ்டும் கணேஷ்கிண்ட் சாலையில் சுடப்பட்டனர். விக்டோரியா அரசியின் வைரவிழா இரவு அது. சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள். விழாவைப் பற்றிக் ‘கேசரி’ வெளியிட்டவற்றை அரசு ராஜத்துரோகமாகக் கொண்டு திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றுத் தந்தது. ஒரு பழைய மன்னரின் நினைவுநாள் ஆள்வோரை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதை இந்த வழக்கு காட்டியது.

விழா விரைவில் மராட்டிய மண்ணைத் தாண்டியது. எழுத்தாளர் சகாராம் கணேஷ் தேவுஸ்கர் அதை வங்கத்தில் பரப்பினார். 1904இல் ரவீந்திரநாத் தாகூர் சிவாஜி விழாவைப் பற்றிக் கவிதை எழுதினார். 1906 ஜூனில் கல்கத்தாவில் நடந்த விழாவுக்குத் திலகரே சென்றார். அவ்வாண்டில் சென்னையில் ‘இந்தியா’ இதழை நடத்திவந்த பாரதியார், சிவாஜி தம் படைக்கு உரைப்பதாக ஒரு கவிதை வெளியிட்டார்.

பரவியபோது கடினமான ஒரு கேள்வியும் எழுந்தது. முகலாயரோடு போரிட்ட மன்னரின் நாளை முஸ்லிம்களும் தம் நாளாகக் கொள்ள முடியுமா? கல்கத்தா விழாவில் சிவாஜி வழிபட்ட பவானி தேவிக்குப் பூசை சேர்க்கப்பட்டது பலருக்கு உறுத்தியது. விழாவின் நோக்கம் முஸ்லிம்களைப் புண்படுத்துவதன்று என்றும், காலம் மாறிவிட்டது என்றும், அநீதியை எதிர்த்து நின்ற உணர்வே போற்றத்தக்கது என்றும் திலகர் தம் ஆங்கில இதழான ‘மராட்டா’வில் எழுதினார். பாரதியாரும் தம் கவிதையை முஸ்லிம்கள் தவறாகக் கொள்ளலாகாது என்று குறிப்பெழுதினார். இருவருக்கும் அந்த விளக்கம் தேவைப்பட்டதே இந்நாளின் வலிமைக்கும் அபாயத்துக்கும் சான்று.

புனேக்குள் வேறொரு வாதம் நடந்தது: சிவாஜி யாருடைய மன்னர்? பசுவையும் அந்தணரையும் காத்தவர் என்று ஒரு தரப்பு அவரைப் போற்றியது. புலே வழிவந்தோர் அவரைக் குடியானவரின் தலைவராகக் கண்டனர். 1920களில் கேசவராவ் ஜேதேயும் தினகர்ராவ் ஜவள்கரும் நடத்திய ‘சத்ரபதி மேளா’ என்னும் பாட்டுக்குழு, பிராமணரல்லாதாரின் குரலைப் புனேயின் திருவிழா வீதிகளில் ஒலிக்கச் செய்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜின் முயற்சியால் புனேயில் சிவாஜி நினைவுச் சின்னத்துக்கு 1921 நவம்பர் 19 அன்று வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். காங்கிரஸ் இளவரசரின் வருகையைப் புறக்கணித்த சமயம் அது. சிற்பி வி.பி. கர்மார்கர் உருவாக்கிய, சிவாஜி குதிரைமீது அமர்ந்த வெண்கலச் சிலை 1928இல் திறக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு முன் சிவாஜி விழாவைத் துரோகமாகக் கண்ட ஆட்சியே இப்போது அவர் சிலைக்கு அடிக்கல் வைத்தது.

விழா எந்த நாளில் என்பதும் நெடுங்கால வழக்கு. 1896இல் கொள்ளப்பட்டது வைசாக வளர்பிறைத் துவிதியை. அக்கணக்கில் சிவாஜி பிறந்தது 1627 ஏப்ரல். பின்னர் புனே மாவட்டத்துக் காரி கிராமத்து ஜேதே குடும்பத்தின் காலக்குறிப்பேடான ‘ஜேதே சகாவலி’ கிடைத்தது. அது சக ஆண்டு 1551, பால்குன மாதத் தேய்பிறைத் திருதியை, வெள்ளிக்கிழமை என்றது. அதாவது 1630 பிப்ரவரி 19. 1916இல் அதை வெளியிட்டவர் திலகரே. தாம் தொடங்கிய விழாவின் தேதியைத் தவறாக்கும் ஆவணத்தை மறைக்காமல் மக்கள் முன் வைத்தது வரலாற்றின்மேல் அவருக்கிருந்த மதிப்பைக் காட்டுகிறது. சிவாஜி அவைக் கவிஞர் பரமானந்தரின் ‘சிவபாரதம்’ அந்தத் தேதியை உறுதி செய்தது. அதன் ஏட்டுப்படி கிடைத்த இடம் தஞ்சாவூர். சிவாஜியின் தம்பி ஏகோஜி தொடங்கிய மராட்டிய மரபு ஆண்ட ஊர் அது. ஆய்வாளர் திவேகர் அந்நூலை 1927இல் பதிப்பித்தார். ஜோத்பூரில் கிடைத்த சிவாஜியின் ஜாதகமும் அதோடு ஒத்துவந்தது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1630 பிப்ரவரி 19 என்பது பழைய ஜூலியன் கணக்கு. இன்றைய கிரெகோரியன் கணக்கில் அது மார்ச் 1. மாநில அரசு பிப்ரவரி 19ஐ ஏற்றுக்கொண்டது. திதியையே பின்பற்றும் அமைப்புகள் பெரும்பாலும் மார்ச்சில் கொண்டாடுகின்றன.

புனேயை ஆண்ட ஆங்கிலேயருக்கும் இத்தகைய நாள் ஒன்று உண்டு. அவர்களது காவல் புனிதர் ஜார்ஜின் நாள் ஏப்ரல் 23. 1415இல் அஜின்கோர்ட் வெற்றிக்குப்பின் அது பெருந்திருநாளாயிற்று. சமயச் சீர்திருத்தத்துக்கும் ஸ்காட்லாந்தோடு இணைந்த 1707க்கும் பின் பொலிவிழந்தது. இன்றும் அது இங்கிலாந்தில் விடுமுறையன்று. அதைப் பெரிதாகக் கொண்டாடலாமா என்ற வாதம் அங்கே தொடர்கிறது. பேரரசை ஆண்ட மக்களுக்குத் தம்மை நினைவூட்டிக்கொள்ள ஒரு நாள் தேவைப்படவில்லை. ஆளப்பட்ட புனேக்குத் தேவைப்பட்டது. அதனாலேயே விழா வேரூன்றியது.

இப்போது பிப்ரவரி 19 அன்று சிவநேரியில் முதலமைச்சர் முன்னிலையில் அரசு விழா நடக்கிறது; பெண்கள் தொட்டில் கட்டித் தாலாட்டுப் பாடுகிறார்கள். இளைஞர்கள் கோட்டைகளில் ஏற்றிய ‘சிவஜோதி’யை ஏந்தித் தம் ஊர்வரை ஓடிவருகிறார்கள். ஊர்வலங்களில் டோல் தாஷா மேளம் முழங்குகிறது. உழவரின் தலைவர், விடுதலையின் அடையாளம், சமயக் காவலர் என ஒவ்வொருவரும் தாம் காணும் சிவாஜியை அந்த ஊர்வலத்தில் கொண்டுசெல்கிறார்கள்.