நச்சுமருந்தும் பெயர்ச்சீட்டும்

மருந்துக்கடையிலுள்ள நச்சுப்புட்டியின்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும், அதனை வாங்குவோர் பெயரை ஏட்டில் பதிவதும் இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆயினும், இவ்வெளிய முறைகள் வேரூன்றுவதற்கு முன்னர்ப் பல உயிர்கள் பலியாயின.

19-ஆம் நூற்றாண்டின் இடையில் இங்கிலாந்தில் சர்க்கரை விலை மிகுதி. ஆகவே, மிட்டாய் செய்வோர் சர்க்கரையோடு ஜிப்சம் மாவைக் கலந்து வந்தனர். 1858-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிராட்போர்டு நகர மிட்டாய் வணிகர் ஒருவர், அம்மாவை வாங்கிவர அருகிலுள்ள ஷிப்லிக்கு ஆளனுப்பினார். மருந்துக்கடைக்காரர் நோயுற்றிருந்தார். பரண் மூலையிலுள்ள பீப்பாயில் மாவு இருப்பதாக அவர் கூறவே, கடை உதவியாளர் 12 இராத்தல் அள்ளிக் கொடுத்தார். அள்ளியது மாவன்று, ஆர்சனிக் எனப்படும் வெள்ளைப் பாஷாணம்! இரண்டும் வெண்பொடிகள், பாஷாணப் பீப்பாயின்மேல் பெயரோ இல்லை.

அக்டோபர் 30-ஆம் நாள் அம்மிட்டாய் சந்தையில் விற்கப்பட்டது. உண்டோருள் ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். 200-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மாண்டோருள் குழந்தைகளும் இருந்தனர். மூவர்மீது வழக்குத் தொடரப்பட்டது, எவரும் தண்டிக்கப்படவில்லை. கொல்லும் எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை என்பதே இந்நிகழ்ச்சியின் கொடுமை.

அந்நாளில் சட்டம் இல்லாமலில்லை. சில்லறையாக விற்கும் பாஷாணத்தில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்து நிறமூட்ட வேண்டுமென்றும், விற்பனையைப் பதிய வேண்டுமென்றும் 1851-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. ஆனால், அது விற்பனையை மட்டுமே கருதிற்று. பரணில் நஞ்சை எவ்வாறு வைப்பது என்பதைக் கருதவில்லை. மாவென்று எண்ணி விற்றவருக்கு அச்சட்டத்தால் பயன் என்ன?

1868-ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம் இக்குறையை நிரப்ப முற்பட்டது. பதிவுபெற்றோரே நஞ்சு விற்கலாம்; பொருளின் பெயர், நஞ்சு என்னும் சொல், விற்பவர் முகவரி ஆகியவை சீட்டில் இருத்தல் வேண்டும்; நஞ்சைக் காத்துவைக்கும் முறைகளை மருந்தாளர் சங்கம் வகுக்கலாம் என அது விதித்தது. பிற்காலத்தில் சிங்கப்பூரில் 1938-ஆம் ஆண்டிலும், மலாயாவில் 1952-ஆம் ஆண்டிலும் நச்சுப்பொருட் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இவ்விதிகள் தீயோரைத் தடுப்பதற்கு மட்டும் ஏற்பட்டவையல்ல. நல்லோரின் அயர்வினின்று பிறரைக் காப்பதற்கும் ஏற்பட்டவை. செறிந்த பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கோ அது தெளிந்த நீரே. ஆதலின், இன்றைய மருத்துவமனைகளில் அதனைப் பிற ஊசிமருந்துகளோடு சேர்க்காது தனியே வைக்கின்றனர். கை தவறினாலும் உயிர் தவறாதிருக்க, பெயரும் இடமும் துணைநிற்றல் வேண்டும்.