எம்.பி.யிட்ட வானத்தைக் கேக்கிறது எப்படி?

அடுத்த வரவுசெலவுத் திட்டம் வருவதற்கு முன்னர் எங்கட மாவட்ட எம்.பி. ஒருவரைச் சந்திக்க ஆயத்தமாகிறோம். நாங்கள் கேட்கப்போவது வீதியும் இல்லை, மதகும் இல்லை. விண்வெளி அறிவியலுக்குக் காசு. இதை ஊராத்துறையில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் மறுமொழி இதுதான்: "குடிக்கிற தண்ணிக்கே பவுசரைப் பாத்திருக்கிறம். உங்களுக்கு வானம் கேக்குதோ?"

நியாயமான கேள்வி. எம்.பி.யும் இதைத்தான் கேட்பார். பதிலைத் தேடிப் பழைய வரலாற்றைப் புரட்டினால், வானத்தைப் படிக்கக் காசு கேட்ட முதல் ஆட்கள் நாங்கள் இல்லை என்று தெரிகிறது. எங்கட இறங்குதுறையில் இருந்து பாதையில் ஏறிக் காரைநகர் போய், பொன்னாலைப் பாலத்தைத் தாண்டினால் வட்டுக்கோட்டை. கதை அங்கே தொடங்குகிறது.

1823 இல் அமெரிக்க மிஷன் பாதிரிமார் ஒரு திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். தமிழ் இளைஞர்களுக்கு ஒரு கல்லூரி வேணும். அதில் ஆங்கிலமும் தமிழும் சமஸ்கிருதமும் மட்டுமில்லை, கணிதமும் வானியலும் படிப்பிக்க வேணும் என்பது திட்டம். பிரித்தானிய ஆட்சி கல்லூரிப் பட்டயம் கொடுக்க மறுத்தது. அதனால் அது கல்லூரி என்ற பெயர் இல்லாமல் வட்டுக்கோட்டை செமினரியாகவே நடந்தது. ஆனால் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மற்றக் கதவுகளைத் தட்டினார்கள். நீதிபதி சர் றிச்சாட் ஒட்லியின் பெயரைத் தாங்கிய ஒட்லி மண்டபம் அந்தத் தட்டலின் அடையாளம். ஆட்சி இல்லை என்று சொன்னது. ஆட்சியில் இருந்த ஒருவர் தன் பையில் கை வைத்தார். எம்.பி. ஒருவர் கைவிரித்தால் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேணும்.

அடுத்தது 1829. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் என்றால் அராலி விசுவநாத சாஸ்திரியார். அவருடைய பஞ்சாங்கம் மார்ச் 20 ஆம் திகதிச் சந்திர கிரகணத்துக்கு ஒரு நேரம் சொன்னது. செமினரி அதிபர் டானியல் பூவர் போட்ட கணக்கு வேறு நேரம் சொன்னது. தொடங்கும் நேரத்தில் மட்டும் கால் மணித்தியால வித்தியாசம். பூவர் தன் கணக்கை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டார். அன்றிரவு நிலவு அவருடைய கணக்கின்படி மறைந்தது.

பாதிரிமார் இந்த வெற்றியைச் சைவத்துக்கு எதிரான பிரசாரமாக்கினார்கள். அதை நாங்கள் கொண்டாடத் தேவையில்லை. எங்கள் பஞ்சாங்கக் கணிதம் வெறும் மூடநம்பிக்கையும் இல்லை. பூவருக்குப் பின் அதிபராக வந்த ஹென்றி ஹொய்சிங்டனே இந்து வானியல் கணக்குமுறையை முறையாகக் கற்று, ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் 1848 இல் புத்தகமாக அச்சிட்டார். எங்களுக்கு வேண்டிய பாடம் வேறு. அன்றைக்கு வழக்கைத் தீர்த்தது சத்தம் இல்லை. திகதியும் நேரமும் போட்டு முன்னுக்கே சொன்ன ஒரு கணக்கு. எம்.பி.க்கு முன்னால் "விண்வெளி முக்கியம் சேர்" என்று பத்துத் தரம் சொல்வதைவிட, எவ்வளவு காசு, எந்தப் பள்ளிக்கு, எத்தனை மாதத்தில் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது மேல்.

செமினரி வளர்ந்தது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் அதைப் பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது என்று எழுதினார். இவ்வளவு புகழ் இருந்தும் 1855 இல் அது மூடப்பட்டது. பொஸ்டனில் இருந்து றூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த குழு, மிஷன் காசு தாய்மொழியில் மதம் பரப்பத்தான், ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறவர்களை உருவாக்க இல்லை என்று முடிவெடுத்தது. காசு கொடுத்தவரின் நோக்கம் ஒன்று, படித்தவரின் நோக்கம் இன்னொன்று. இரண்டும் பிரிந்த இடத்தில் குழாய் பூட்டப்பட்டது.

பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பிடித்த பகுதி. பழைய மாணவர்களும் ஊர்ச் சனமும் சும்மா இருக்கவில்லை. தாங்களும் காசு சேர்த்தார்கள், அமெரிக்காவிலும் கேட்டார்கள். 1872 இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. கேட்கப் போகிறவர் தன் பங்கையும் கொண்டு போனால் பேச்சின் எடை வேறு.

தண்ணியா வானமா என்ற கேள்விக்கும் இந்தச் செமினரியிலேயே ஒரு பதில் கிடக்கிறது. அங்கே படித்த கறோல் விசுவநாதபிள்ளை தமிழில் பீசகணித நூல் எழுதினார். அவரும் அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை பிறகு சங்க இலக்கியங்களையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர். வானியல் படிப்பித்த பள்ளி வானியலாளரை மட்டும் தரவில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறையைத் தந்தது. தண்ணிப் பிரச்சினையைத் தீர்க்கவும் அந்தத் தலைமுறைதான் வேணும்.

இனி, யாரிடம் கேட்பது? 1947 முதல் 1977 வரையான தேர்தல்களில் ஊர்காவற்றுறைக்குத் தனி எம்.பி. இருந்தார்: அல்பிரட் தம்பையா, வி. ஏ. கந்தையா, வி. நவரத்தினம், கா. பொ. இரத்தினம். இப்போது விகிதாசாரத் தேர்தல். 2024 இல் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதற்கும் ஆறு பேர். தீவகத்துக்கென்று எவரும் இல்லை. ஆகவே ஆறு பேரிடமும் போக வேணும்.

எம்.பி.யே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் டொனமூர் அரசியலமைப்பைப் பகிஷ்கரித்தது. முழுச் சுயராச்சியம் இல்லாத சபை எங்களுக்கு வேண்டாம் என்றார்கள் ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும். ஊர்காவற்றுறை உட்பட வடக்கின் நாலு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. இளைஞர் இயக்கம் ஒன்று இந்த மண்ணில் காட்டிய பெரிய பலங்களில் அது ஒன்று. ஆனால் 1934 இடைத்தேர்தல் வரை அந்தக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, கல்வி, சுகாதாரம் எல்லாம் மற்றவர்களின் குழுக்களில் முடிவானது. அந்த இலட்சியத்தை மதிக்கிறோம். வெறுங்கதிரை வரவுசெலவில் ஒரு வரிகூட எழுதாது என்பதையும் குறித்துக்கொள்கிறோம்.

இன்றைய நிலைமை என்ன? விண்வெளிக்கென்று நாட்டில் இருக்கும் முதன்மையான அரச நிறுவனம் மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம். 1984 இல் தொடங்கியது. அங்குள்ள 45 சென்றிமீற்றர் தொலைநோக்கி 1996 இல் ஜப்பான் தந்த அன்பளிப்பு. 2019 இல் விண்ணுக்குப் போன இராவணா-1 செய்மதியை எங்கட நாட்டுப் பொறியியலாளர் இருவர் செய்தார்கள். செய்த இடம் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகம். திறமை இருக்கு, இடமும் காசும்தான் வெளியில் இருந்து வருது. வட்டுக்கோட்டைக் கதை திரும்பவும்.

இத்தனைக்கும் வானம் எங்களைத் தேடியே வந்தது. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 என்று பத்து ஆண்டுக்குள் இரண்டு கங்கண சூரிய கிரகணங்கள் யாழ்ப்பாணத்தில் தெரிந்தன. கட்டுபெத்தைத் தொலைநோக்கியோ எங்களுக்கு 400 கிலோமீற்றருக்கு அப்பால்.

கடலுக்கு அந்தப் பக்கத்தையும் பாருங்கோ. 1963 நவம்பர் 21 இல் இந்தியாவின் முதல் றொக்கெற் எழுந்த தும்பா, எங்கட கரையோரம் போலவே கத்தோலிக்க மீனவர் கிராமம். விக்கிரம் சாராபாய் தேவாலயத்துக்கே போய் ஆயரைக் கண்டார். ஆயர் பெரைரா ஞாயிறு பூசையில் சனத்திடம் கேட்டார். சனம் தேவாலயத்தையே விட்டுக் கொடுத்தது. மந்திரியிடம் மட்டும் பேசினால் போதாது, சனத்திடமும் பேச வேணும்.

எங்கட அம்மா அப்பாமாருக்கு வானம் என்றால் பொம்மரும் ஹெலியும். சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடின தலைமுறை அது. அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வானத்தைப் பயமில்லாமல் நிமிர்ந்து பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழக வேணும். நாங்கள் இந்தக் கோரிக்கையை ஆடம்பரம் என்று ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

எம்.பி.யிடம் மூன்றே விசயம் கேட்போம். ஒன்று, தீவகக் கல்வி வலயத்துக்கு ஒரு நல்ல தொலைநோக்கியும் அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆசிரியரும். கூடமும் பராமரிப்பும் பழைய மாணவர் சங்கங்களின் பங்கு. இரண்டு, விண்வெளி அறிவியலுக்கு ஒதுக்கும் காசில் எவ்வளவு மேல் மாகாணத்துக்கு வெளியே போகிறது என்று பாராளுமன்றத்தில் ஒரு வாய்மூல வினா. அதற்குச் செலவு இல்லை, பதில் ஹன்சாட்டில் ஏறும். மூன்று, செய்மதி தரும் கடல், காற்று எச்சரிக்கைகள் தமிழில், நேரத்துக்கு, நெடுந்தீவு மீனவரின் கைக்கு வர வேணும்.

குழுநிலை விவாதம் தொடங்கிய பிறகு போய்ப் பயனில்லை; எண்கள் அதற்கு முன்னரே முடிவாகிவிடும். தீவகத்துப் பள்ளிகளில் படித்தவர்கள், படிப்பிப்பவர்கள் உங்கட பள்ளிக்கு என்ன வேணும் என்று இப்பவே கணக்குப் போட்டு வையுங்கோ. பூவரின் கிரகணம் மாதிரி, எங்கட கணக்கும் முன்னுக்கே ஊருக்குத் தெரிந்திருக்க வேணும்.