பௌபஜாரில் தொங்கிய படிகம்

மூளையைப் படம் பிடிக்க மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் 'கான்ட்ராஸ்டுடன் எம்.ஆர்.ஐ.' என்று கண்டால் நம்மில் பலருக்கு நெஞ்சு துணுக்குறுகிறது. கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழராயினும், மும்பையிலோ தில்லியிலோ குடியேறியவராயினும், அவ்வேளையில் எழும் வினா ஒன்றுதான்: படம் எடுக்க ஊசி எதற்கு? விடையைத் தேடிச் சென்றால் வழியில் இந்நகரத்தின் பௌபஜார் தெருவும் குறுக்கிடுகிறது.

அத்தெருவின் 210-ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அந்நாளில் இயங்கிற்று. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அங்கே ராமனுடன் ஒளிச் சிதறலை ஆராய்ந்தார். 1928-ல் கண்ட ராமன் விளைவில் அவருக்குள்ள பங்கை நாம் அறிவோம். அவருடைய காந்த ஆராய்ச்சியையோ நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. டாக்காவில் தொடங்கிய அப்பணியை, 1933-ல் இக்கழகத்திற்குப் பேராசிரியராகத் திரும்பி, 1942 வரை தொடர்ந்தார்.

அவர் கையாண்ட முறை எளியது. சிறு படிகம் ஒன்றை மெல்லிய இழையில் கட்டிக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிடுவார். இழையை மேலிருந்து சிறிது சிறிதாக முறுக்கினால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். அந்த முறுக்கின் அளவைக் கொண்டு, அப்பொருளின் காந்த இயல்பு திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணித்தார். அவ்வாறு ஆராயப்பட்டவற்றுள் அருமண் உலோகங்களின் உப்புகளும் இருந்தன. நம் ஊசி மருந்தில் உள்ள காடோலினியமும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மருந்தில் அமைந்த நிலையில் அதன் அயனியில் ஏழு எலெக்ட்ரான்கள் இணையின்றித் தனித்து நிற்கின்றன. அதனால் அது வலிய காந்த இயல்பு பெறுகிறது.

நம் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு காந்தங்களைப் போன்றவை. பெருங்காந்தத்தினுள் அவற்றை வானொலி அலையால் கலைத்தால், அவை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். அமெரிக்காவில் பிளாக் என்பார் 1946-ல், நீரில் இரும்பு உப்பைக் கலந்து இந்தத் திரும்புதலை விரைவுபடுத்தினார். இத்துறையில் கல்கத்தாவும் பின்தங்கவில்லை, ஏ. கே. சாகாவும் டி. பி. தாஸும் எழுதிய நூல் 1957-ல் இங்குள்ள சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. 1973-ல் லாட்டர்பர் இம்முறையால் படமே வரைந்து காட்டினார். 1988-ல் அமெரிக்காவில் காடோலினிய மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தனித்த காடோலினியம் நஞ்சாதலால், அதனை வேறொரு மூலக்கூறின் பிடிக்குள் அடக்கியே செலுத்துகின்றனர்.

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு இயற்கை ஒரு காவலை அமைத்திருக்கிறது. நலமுள்ள மூளையில் இம்மருந்து அக்காவலைக் கடந்து திசுவினுள் புகாது. கட்டியோ, காசநோய் முடிச்சோ, அழற்சியோ உள்ள இடத்தில் காவல் குலைவதுண்டு. அங்கே மருந்து கசிந்து, அருகிலுள்ள நீரின் அணுக்கருக்களை விரைந்து திரும்பச் செய்கிறது. படத்தில் அவ்விடம் வெண்மையாகத் துலங்குகிறது. மருந்தின்றி எடுத்தால், சுற்றியுள்ள வீக்கத்தினின்றும் சிறு கட்டியைப் பிரித்தறிவது பல வேளைகளில் அரிது.

ஆயினும் நோயாளியின் அச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. சிறுநீரகம் மிகப் பழுதுற்ற சிலருக்கு இவ்வகை மருந்தால் தோல் இறுகும் கொடிய நோய் வருவது 2006-ல் தெரியவந்தது. பன்முறை இம்மருந்து பெற்றவர் மூளையில் அதன் சுவடு தங்குவதை 2014-ல் ஜப்பானிய மருத்துவர் கண்டனர். அதன் பின், உலோகத்தை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் மருந்துகளையே பெரிதும் நாடுகின்றனர். இன்றியமையாதபோது மட்டும் செலுத்துகின்றனர்.

கிருஷ்ணன் இம்மருந்தைக் கண்டவரல்லர். முதற்படம் வெளிவருவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, 1961-ல் மறைந்தார். பயன் இன்னதென்று அறியாமலே பொருள்களின் காந்த இயல்பைப் பொறுமையாக அளந்தவர்களின் வரிசையில் நம்மவர் ஒருவரும், இந்நகரின் தெரு ஒன்றும் உண்டு என்பதே நாம் சொல்ல வந்தது. அவர்கள் ஐயுற்றுக் கேட்டே அறிந்தார்கள். நாமும் ஊசிக்குக் கை நீட்டுமுன், அது எதற்கென்று மருத்துவரைக் கேட்போம். சிறுநீரகக் கோளாறோ, கருவுற்றிருத்தலோ, முன்பு மருந்து ஒவ்வாமல் போனதோ இருப்பின் ஒளியாமல் சொல்வோம்.