அம்மையும் கருவறையும்

அம்மை கண்ட வீட்டு வாயிலைக் கருவுற்ற பெண் மிதிக்கலாகாது என்று பண்ருட்டியில் நம் வீட்டு மூதாட்டியர் தடுப்பர். காரணம் கேட்டால் விடையிராது. இளமையில் நாம் அதனை மூடநம்பிக்கையென்று நகைத்ததுண்டு, நகைத்தது பிழை.

ரய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, ‘ஜுதரீ’ எனும் பெரியம்மையையும் ‘ஹஸ்பா’ எனும் தட்டம்மையையும் பகுத்துக் காட்டத் தனி நூலே இயற்றினார். அவர் மறைந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே, ரூபெல்லா எனும் இன்னோர் அம்மை கருவுக்குச் செய்யும் கொடுமை வெளிப்பட்டது. தாய்க்கு இலேசான காய்ச்சல், மூன்று நாள் செந்தடிப்பு, அவ்வளவே. சில வேளை அதுவுமில்லை. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த 78 சிசுக்களைப் பற்றி எழுதினார். அவர்களுள் 68 பேரின் தாய்மார் கருவுற்றிருந்தபோது இந்நோய் கண்டவர்கள்.

தடிப்புத் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே இது தொற்றத் தொடங்கிவிடும். வாயிலில் தடுத்தால் மட்டும் போதுமா?

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 15 வயதுக்குட்பட்டோர்க்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. அலைபேசி வதந்திகளை நம்பி மறுத்த பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. அவ்வீட்டுப் பெண்மக்களுள் பலர் இன்று மணப்பருவம் எய்தியுள்ளனர். கருவுற்றபின் இவ்வூசி போடலாகாது. ஒரு மாதமேனும் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.