செவிலியர் கல்வித் தர மதிப்பீடு: சான்றை எங்கே தேடுவது?

செவிலியர் கல்வியின் தரம் நோயாளியின் உயிரோடு பிணைந்தது. 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2014இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பட்டம் பெற்ற செவிலியரின் விகிதம் 10 விழுக்காடு கூடும் இடத்தில், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்தத் தொடர்புக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், பட்டத்துக்குப் பின்னால் பயிற்சி இருக்க வேண்டும். பயிற்சி உண்மையில் நடந்தது என்பதற்கு எதைச் சான்றாகக் கொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தியாவில் இதற்கான சட்ட ஏற்பாடு பழையது. சென்னை மாகாணச் செவிலியர், பேறுகாலச் செவிலியர் சட்டம் 1926இல் வந்தது; இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. கல்லூரி அங்கீகாரத்தின் அச்சாணியாக இருப்பது ஆய்வுக்குழுவின் நேரடி வருகை. கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் பட்டியல், மருத்துவமனைப் படுக்கைகள் ஆகியவற்றைக் குழு பார்வையிட்டு அறிக்கை தரும்.

இந்த அச்சாணி எவ்வளவு எளிதில் முறியும் என்பதை மத்தியப் பிரதேசம் காட்டியது. அங்குள்ள நர்சிங் கல்லூரிகள் மீதான முறைகேட்டுப் புகார்களை விசாரிக்க உயர் நீதிமன்றம் சிபிஐயைப் பணித்தது. சிபிஐ ஆய்வு செய்த 308 கல்லூரிகளில் 169 தகுதியுடையவை என்று அறிக்கை வந்தது. 2024 மே மாதத்தில், சாதகமான அறிக்கைக்கு லஞ்சம் வாங்கியதாக சிபிஐ அதிகாரிகளே கைதானார்கள். அந்த 169 கல்லூரிகளையும் மறு ஆய்வு செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆய்வாளரை ஆய்வு செய்ய இன்னோர் ஆய்வாளரை அனுப்பும் வழி முடிவற்றது. கோளாறு தனிமனிதரின் நேர்மையோடு நின்றுவிடவில்லை. ஒரு நாள் காட்சியைச் சான்றாக ஏற்கும் முறையிலேயே அது இருக்கிறது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகள் பலவீனமானவை அல்ல. கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும். படுக்கைகளில் 75 விழுக்காடாவது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் வேண்டும். கணக்கிட்டால், 75 நோயாளிகளிடம் ஒரே நேரத்தில் 25 மாணவரே பயிற்சி பெற முடியும். பட்டம் பெறுமுன் செய்முறைப் பகுதிகளில் 100 விழுக்காடு வருகை வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஆனால் படுக்கை ஆய்வு நாளன்று மட்டும் நிரம்பலாம். வருகைப் பதிவேட்டை ஒரே அமர்வில் எழுதி முடிக்கலாம்.

எனவே, ஆய்வுக்காகத் தயாரிக்கப்படாத ஆவணங்களிலிருந்தே சான்றைத் திரட்ட வேண்டும். பேறுகாலப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். தாம் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் மாணவி தம் கேஸ் புக்கில் எழுதி ஆசிரியரின் கையெழுத்தைப் பெறுகிறார். அதே பிரசவம் பிரசவ அறைப் பதிவேட்டிலும் தாயின் உள்நோயாளி எண்ணோடு பதிவாகிறது. 60 மாணவியர் ஆளுக்கு ஐந்து பிரசவங்களை நடத்தியதாக எழுதியிருந்தால், மொத்தம் 300 பிரசவங்கள். பிரசவ அறைப் பதிவேட்டில் அந்தக் காலத்தில் 120 மட்டுமே இருந்தால், வேறு சாட்சி வேண்டியதில்லை. கேனுலா போடுவது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது போன்ற பயிற்சிகளையும் வார்டு பதிவுகளோடு இப்படி ஒப்பிடலாம்.

மருத்துவமனைப் பதிவேட்டையும் புனையலாமே என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் அது மருந்து வழங்கலோடும், பிறப்புச் சான்றிதழோடும், காப்பீட்டுக் கோரிக்கையோடும் இணைந்தது. ஒன்றைப் பொய்யாக்கினால் மற்றவற்றோடு முரண்படும். சிறிய கல்லூரிகளுக்கு இது சுமை என்ற வாதத்துக்கும் வலுவில்லை. புதிய படிவம் எதையும் நிரப்பச் சொல்லவில்லை, இருக்கும் ஏடுகளை ஒப்பிடவே கோருகிறோம்.

2023இல் நிறைவேறிய தேசியச் செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம், மதிப்பீட்டுக்கும் தரவரிசைக்கும் தனி வாரியத்தை வகுத்துள்ளது. அந்த வாரியத்தின் நடைமுறை விதிகளில் மூன்று கூறுகள் இடம்பெற வேண்டும்: ஆண்டு முழுவதற்குமான நோயாளி எண்ணிக்கை, கேஸ் புக்கையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிடுதல், வெளிக் கல்லூரித் தேர்வாளர் முன் மாணவர் செய்துகாட்டும் செயல்முறைத் தேர்வின் முடிவுகள். இவை மூன்றும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கும், அப்பிள்ளையின் கையால் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிக்கும் இதைக் கேட்கும் உரிமை உண்டு.